வாடையில் நின்ற 4.5, கச்சானில் விழுந்தது

இந்தப் புரொசசர் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வந்தது ஒரு சோப்புப் பெட்டிக்குள். வெள்ளவத்தையில் இருக்கும் நண்பன் புதுக் கொம்பியூட்டர் வாங்கியதும், பழையதில் இருந்த இன்டெல் ஐ5-2500கே-யைக் கழற்றி, பஞ்சில் பொதிந்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். "மச்சான், இது கே. சும்மா ஓட விடாத, கூட்டி ஓட்டு" என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவும் வந்தது. கூட்டி ஓட்டுவதென்றால், கொம்பனி வைத்த வேகத்துக்கு மேலே புரொசசரை ஓட்டுவது, ஓவர்குளொக் என்பார்கள். பஞ்சில் சுற்றினால் நிலைமின்சாரம் உண்டாகலாம், சில்லுக்கு ஆகாது என்று பிறகுதான் படித்தேன். நல்ல காலம், சாமான் உயிரோடு வந்து சேர்ந்தது.

நான் கலியாண வீடியோ எடிட் செய்கிறவன். டவுனில் உள்ள ஸ்டூடியோக்கள் வேலை தரும். அலஸ்தோட்டத்தில் வீட்டுப் பின்னறையில் இருந்து செய்து கொடுக்கிறேன். அந்த அறைக்கு மேலே அஸ்பெஸ்டஸ் சீற், சீலிங் கிடையாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் வரப்போகிற தொல்லையில் பாதி அந்தச் சீற்றிலிருந்துதான் இறங்கியது.

2500கே 2011 ஜனவரியில் வந்த புரொசசர். நான்கு கோர், அதாவது உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடுகிற நான்கு பகுதி. அடிப்படை வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ், ஒரு கோர் மட்டும் உழைத்தால் தானாகவே 3.7 வரை ஏறும், நான்கும் சேர்ந்து உழைத்தால் 3.4-இல் நிற்கும். வீடியோ வேலைக்கு நான்கும்தான் உழைக்கும், ஆகவே என் கணக்கில் இது 3.4 புரொசசர். இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்றால், மதர்போட் தருகிற 100 மெகாஹேர்ட்ஸ் துடிப்பைப் புரொசசர் தனக்குள் ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 34-ஆல் பெருக்கினால் 3.4. அந்த எண்ணைத்தான் மல்டிப்ளையர் என்கிறோம். மற்ற இன்டெல் புரொசசர்கள் பெரும்பாலானவற்றில் இது பூட்டி வரும். கடைசியில் கே என்று இருந்தால் பூட்டு இல்லை.

பூட்டு இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். என்னிடம் ஏற்கெனவே இருந்தது எச்61 மதர்போட், அதே எல்ஜிஏ1155 சொக்கெட். பழைய ஐ3-ஐ எடுத்துவிட்டு இதை வைத்தேன், உடனே ஓடியது. பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பு மதர்போட்டின் அமைப்புகளை மாற்றுகிற இடத்துக்குள், போய்த் தேடுகிறேன், மல்டிப்ளையரைக் கூட்டுகிற இடமே இல்லை. இரண்டு இரவு அதில் போனது. பயோஸை அப்டேட் செய்தேன், மெனு மெனுவாகத் துளாவினேன். கடைசியில்தான் விளங்கியது, திறப்பு இரண்டு. ஒன்று புரொசசரில், மற்றது சிப்செட்டில், அதாவது மதர்போட்டில் இருக்கிற துணைச் சில்லில். அந்தத் தலைமுறைக்குப் பி67, இசட்68, இசட்77 மாதிரிச் சிப்செட் வேண்டும். எச்61-இல் இன்டெல் அந்தக் கதவைத் திறந்து வைக்கவில்லை. மாட்டுகிறதற்கு முன்பு இதை மட்டும் பார்த்திருந்தால் அந்த இரண்டு இரவும் நித்திரை கொண்டிருப்பேன்.

டிசம்பரில் கொழும்புக்கு ஒரு வேலையாகப் போனபோது பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி, பழைய இசட்77 போட் ஒன்றும், 120 மில்லிமீற்றர் ஃபேன் வைத்த டவர் கூலர் ஒன்றும் வாங்கி வந்தேன். போட்டின் சொக்கெட்டில் ஒரு பின் வளைந்து கிடந்தது. வீட்டில் வந்து இரண்டாவது ரேம் தெரியாமல் போனபோதுதான் கண்டேன். அம்மாவின் தையல் ஊசியும் ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். ரேமின் பொன்நிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன். கடல் பக்கத்தில் வைத்திருக்கிற கொம்பியூட்டருக்கு இந்த அழிறப்பர் வைத்தியம் வருடத்துக்கு இரண்டு தரமாவது தேவைப்படும்.

எதையும் கூட்டுவதற்கு முன்பு, கூட்டாமல் எப்படி இருக்கிறது என்று அளந்து வைத்தேன். இதை மட்டும் ஆரம்பத்திலேயே சரியாகச் செய்தேன் என்று சொல்லலாம். 10 நிமிட முழு எச்டி கலியாணக் காட்சி ஒன்றை எடுத்து, ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றுகிற மென்பொருளில் ஒரே அமைப்பில் மாற்றினேன்: 14 நிமிடம் 20 விநாடி. ஏற்கெனவே இருந்த சின்ன வட்டக் கூலரில், பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை ஓட விட்டு 15 நிமிடத்தில் சூடு 84 பாகை. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த, சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்த சந்தனம் மாதிரிப் பொருக்கு வெடித்துக் கிடந்தது. பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கித் துடைத்து, நடுவில் பயறளவு புதுப் பேஸ்ட் வைத்து, டவர் கூலரை மூலைக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மற்றப் பக்கம் போனால் பேஸ்ட் ஒருபக்கமாகப் பிதுங்கிவிடும். அதே சோதனை, அதே வேகம்: 56 பாகை. ஒரு மெகாஹேர்ட்ஸும் கூட்டாமல் 28 பாகை இறங்கியது. அன்றைக்கு அறையில் 27. வாடைக்காற்று வீசுகிற, மழை பெய்து ஓய்ந்த ஜனவரி இரவு.

பிரைம்95 பற்றி ஒரு வார்த்தை. இது மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்கு ஜோர்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய திட்டத்தின் மென்பொருள். புரொசசரைக் கசக்கிப் பிழிகிறதாலும், கணக்குத் தப்பினால் உடனே காட்டிக்கொடுக்கிறதாலும், ஓவர்குளொக் செய்கிறவர்களின் கையில் சோதனைக் கருவியாகிவிட்டது. ஸ்மோல் எஃப்எஃப்டி என்ற வகைச் சோதனைதான் சூட்டை ஆகக் கூட்டும்.

அதற்கிடையில் பவர் சப்ளை. பெட்டியில் 500 வோட்ஸ் என்று எழுதியிருந்த, பெயர் தெரியாத ஒன்றை வைத்திருந்தேன். மின்வேலை செய்கிற மாமா மல்டிமீற்றரோடு வந்து, மஞ்சள் வயரிலும் கறுப்பு வயரிலும் முனைகளை வைத்துப் பார்த்தார். சும்மா இருக்கும்போது 12.0, பிரைம்95 ஓடினால் 11.3. 12 வோல்ட்டில் ஐந்து வீதம் வரைதான் குறையலாம், அதாவது 11.4. மாமா பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மருமோன், இதுக்குள்ள சாமான் இல்ல, எழுத்துத்தான் இருக்கு" என்றார். கனத்தை வைத்துப் பவர் சப்ளையை மதிப்பிடுகிற முறை எந்தப் புத்தகத்திலும் இராது, ஆனால் அவர் சொன்னது பிழையில்லை. நல்ல ஒன்று மாற்றினேன், பிரைம்95 ஓடும்போதும் 11.9-க்குக் கீழே வரவில்லை.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

முதல் நாள் செய்த பிழையைத்தான் பலரும் செய்வார்கள் என்று நினைக்கிறேன். பயோஸில் மல்டிப்ளையரை 44 ஆக்கினேன். புரொசசருக்குப் போகிற வோல்ட் ஓட்டோவிலேயே இருக்கட்டும், மதர்போட்டுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகிறது என்று விட்டேன். விண்டோஸ் உடனே வந்தது. வேகத்தையும் வோல்ட்டையும் காட்டுகிற சிபியு-இசட்டில் 4400 என்று தெரிந்ததும் நண்பனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இவ்வளவுதானா வேலை என்று ஒரு மிதப்பு. பிரைம்95-ஐத் தட்டினால் மூன்று நிமிடத்தில் 81 பாகை. ஃபேன் இரைந்த இரைச்சலில் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, ஹெலிகொப்டர் இறங்குதா?" என்று கேட்டார்.

சிபியு-இசட்டை மறுபடி பார்த்தேன். கோர் வோல்ட் 1.41. இயல்பான வேகத்தில் அது 1.19. இந்தப் புரொசசர் 4.4-க்கு உண்மையில் எவ்வளவு கேட்கும் என்று மதர்போட்டுக்குத் தெரியாது. எந்தப் புரொசசர் வந்து உட்கார்ந்தாலும் விழாமல் நிற்கட்டும் என்று தாராளமாக அள்ளி ஊற்றுகிறது. வெப்பம் வேகத்தோடு நேராகக் கூடும், வோல்ட்டோடு இருபடியாகக் கூடும். கணக்குப் போட்டால், 3.4-இலிருந்து 4.4-க்கு வேகம் 1.29 மடங்கு, வோல்ட் 1.19-இலிருந்து 1.41-க்குப் போனால் அதன் இருபடி 1.40 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் வெப்பம் 1.8 மடங்கு. 29 வீத வேகத்துக்கு 80 வீத வெப்பம். மல்டிப்ளையர் விறகு என்றால் வோல்ட்தான் பெற்றோல்.

மறுநாள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, வோல்ட்டை என் கையில் எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் போனேன். 40 பெருக்கியில் 1.20 வோல்ட்: அரை மணிநேரம் அசையவில்லை, 61 பாகை. 42-இல் 1.22: 65. இதுவரைக்கும் இலவசம் மாதிரித்தான். வோல்ட் கிட்டத்தட்டப் பழைய அளவு, வேகம் கால் பங்குக்குக் கிட்டக் கூடிவிட்டது. 44-இல் 1.25 கொடுத்தேன், ஒன்பதாவது நிமிடம் பிரைம்95-இல் கோருக்கு ஒன்றாகக் கணக்குப் போடுகிற நான்கு வேலையாளில் ஒன்று, ரவுண்டிங் பிழை, அதாவது கணக்குத் தப்பிவிட்டது, என்று சொல்லிவிட்டு நின்றது. விண்டோஸ் விழும்போது வருகிற நீலத்திரை இல்லை, ஒன்றும் இல்லை. மற்ற மூன்றும் ஓடிக்கொண்டே இருந்தன, மவுஸ் அசைந்தது, பாட்டுக் கேட்டது. எனக்கு உண்மையில் பயம் வந்தது அந்த இடத்தில்தான். நீலத்திரை வந்தால் பிழை என்று தெரியும். இது பிழையான விடையை எழுதிவிட்டு நல்லபிள்ளை மாதிரி இருக்கிறது. ஒரு தாலிகட்டுக் காட்சிக்கு நடுவே பச்சைக் கட்டம் விழுந்து, அதை நான் கவனிக்காமல் ஸ்டூடியோவுக்கு அனுப்பினால்? தாலியை இன்னொருமுறை கட்டச் சொல்லவா முடியும்?

1.28 கொடுத்ததும் 4.4 இரண்டு மணிநேரம் நின்றது, 70 பாகை. 45-க்கு 1.32 தேவைப்பட்டது, 74 பாகை. 46 கேட்ட விலை 1.38, சூடு 81. ஒரு படிக்கு 7 பாகை. முதல் படிகளில் ஒரு படிக்கு இரண்டு பாகைதான் ஏறியது. இந்த இடத்தில் புரொசசர் தன் மட்டத்தைச் சொல்லிவிட்டது என்று நிறுத்தியிருக்க வேண்டும். ஆனாலும் ஆசை விடவில்லை. பிரைம்95 வேண்டாம், ஒரு படம் மட்டும் எடுத்துவிட்டு இறக்கிவிடுவோம் என்று 48 போட்டேன். திரை கறுப்பு. ஃபேன் சுற்றும், நிற்கும், சுற்றும்.

மூன்று தரம் விழுந்தால் தானாகப் பழைய அமைப்புக்குத் திரும்பும் என்று எங்கோ வாசித்திருந்தேன். என் போட் திரும்பவில்லை. கரண்டைப் பிடுங்கிவிட்டு, கிளியர் சிமோஸ் என்று எழுதியிருக்கிற இரண்டு முனையை ஸ்க்ரூ ட்ரைவர் நுனியால் பத்து விநாடி தொட்டுப் பிடித்தேன். வந்துவிட்டது. ஆனால் திகதி 2012-க்குப் போய்விட்டது. அது தெரியாமல் பிரவுசரைத் திறந்தால், எந்தத் தளத்துக்குப் போனாலும் இணைப்புப் பாதுகாப்பில்லை என்று ஒரே எச்சரிக்கை. ஓவர்குளொக் செய்து வைரஸ் வந்துவிட்டது என்று ஐந்து நிமிடம் நம்பினேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். திகதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது.

இடையில் புரியாமல் இருந்த ஒன்று: பயோஸில் 1.32 என்று எழுதினால் வேலை கூடும்போது அது 1.27-க்கு இறங்கிவிடும். வீட்டில் எல்லாப் பைப்பையும் திறந்தால் குளிக்கிற பைப்பில் தண்ணீர் மெலிகிற கதைதான். இதைத் தூக்கிப் பிடிப்பதற்கு லோட்லைன் கலிப்ரேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஆக உச்சத்தில் வைத்தால், வேலை திடீரென்று குறைகிற நொடியில் வோல்ட் மேலே துள்ளும். நடுவில் வைத்தேன். மேலே நான் சொன்ன எண்கள் எல்லாம் வேலை நடக்கும்போது காட்டியவை. 100 மெகாஹேர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பையும் கூட்டலாமே என்று கேட்கலாம். இந்தத் தலைமுறையில் அதே துடிப்பில்தான் ஹார்ட் டிஸ்க்கை இணைக்கிற சாட்டாவும், கார்டுகளை இணைக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸும் நடக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கில் கலியாணம் இருக்கிறபோது அதில் கை வைக்க எனக்குத் துணிவில்லை.

4.5-இல் நிறுத்தினேன். அதே 10 நிமிடக் காட்சி 11 நிமிடம் 5 விநாடி. நான்கு கோரின் சூடும் ஒன்றல்ல: 70, 74, 73, 69. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு அல்லவா, அது மாதிரி. நடுக் கோர்களுக்கு இரண்டு பக்கமும் அயல்வீடு சுடும், கரைக் கோர்களுக்கு ஒரு பக்கம்தான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஒரு நீண்ட சோதனை ஓட விட்டிருந்தேன். பதினொன்றரை மணி போல் கரண்ட் போனது, நாடு முழுக்க. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்ன அதே நாள்தான். யூபிஎஸ் கத்திக் கத்தி பத்து நிமிடத்தில் ஓய்ந்தது. கரண்ட் திரும்பி வர மணிக்கணக்கானது. அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. கொம்பியூட்டர் பிறகு வழக்கம் போல் ஓடியது, நானும் வழக்கம் போல் வேலை செய்தேன்.

ஒரு கிழமை கழித்து ஒரு வீடியோ ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று சந்தேகம் வந்து, பழைய 10 நிமிடக் காட்சியை ஓட்டிப் பார்த்தேன். 14 நிமிடம் 20 விநாடி. சிபியு-இசட்டில் 3400. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கரண்ட் வந்த அண்டைக்கு நான்தான் போட்டனான் அண்ணா. கறுப்புத் திரையில என்னவோ எழுதி, எஃப்2 அமத்தச் சொல்லி இருந்தது. அமத்தினன்."

"ஏன்டா என்னட்டச் சொல்லேல்ல?"

"ஓடிச்சுத்தானே."

மதர்போட்டின் சிஆர்2032 பட்டரி 2.4 வோல்ட்டுக்கு இறங்கிக் கிடந்தது. புதியது என்றால் 3 இருக்க வேண்டும். பவர் சப்ளைக்குக் கரண்ட் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் பயோஸின் நினைவு அழியாமல் இருந்திருக்கும். யூபிஎஸ்ஸும் ஓய்ந்ததும் எல்லாம் மறந்துபோய், பழைய அமைப்பை ஏற்றவா என்று கேட்டிருக்கிறது, தம்பி ஓம் என்று சொல்லியிருக்கிறான். கடையில் ஒரு பட்டரி வாங்கிப் போட்டதோடு அது முடிந்தது. முடியாதது வேறொன்று. ஒரு கிழமை முழுக்க நான் 3.4-இல் வேலை செய்திருக்கிறேன். கோப்புத் திறப்பதில், டைம்லைனை இழுப்பதில், ஒன்றிலும் வித்தியாசம் தெரியவில்லை. மணிக்கூட்டை வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. இரவில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகிற வேலைக்கு அதுவும் தெரியாது. நண்பனிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச், ஏப்ரல் பிரச்சினை இல்லாமல் போனது. மே முடிவில் கச்சான் காற்று தொடங்கியது. மேற்கே மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் வெக்கையாக எங்கள் பக்கம் இறங்குகிற காற்று. அந்தக் காலத்தில் பகல் நேரம் கோட்டைப் பக்கத்து மான்கள் கூட நிழலை விட்டு அசையாது. ஜூலையில் ஒரு சாமத்திய வீட்டு வீடியோ, பின்னேரம் இரண்டு மணிக்கு நீலத்திரை: குளொக் வொச்டோக் டைமவுட். ரீஸ்டார்ட் செய்து மறுபடி போட்டேன், மறுபடி அதே. இரவு போட்டேன், காலையில் முடிந்திருந்தது. கோப்பில்தான் ஏதோ கோளாறு என்று கேமராக்காரத் தம்பியோடு கொழுவினேன், பாவம். அடுத்த நாள் வேறு கோப்பு, வேறு கேமரா, அதே இரண்டு மணி.

அப்புறம்தான் புரொசசரின் சூட்டைக் காட்டுகிற கோர் டெம்ப்பைத் திறந்தேன். 91 பாகை. இந்தப் புரொசசருக்கு 98-தான் உச்சி. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கும். மேசையில் வைத்த வெப்பமானியில் அறையின் சூடு 36.

ஜனவரியில் நான் எழுதி வைத்த 74 என்ற எண் பாதி உண்மைதான் என்பது அங்கேதான் புரிந்தது. கூலர் என்னதான் பெரிதானாலும் அறைக் காற்றை விடக் குளிராக்காது; புரொசசர் அறையை விட எத்தனை பாகை மேலே நிற்கும் என்பதை மட்டும்தான் அது தீர்மானிக்கிறது. ஜனவரியில் 74-இல் 27-ஐக் கழித்தால் 47. இந்த 47-தான் என் கூலரும் என் 4.5-உம் சேர்ந்து தருகிற எண். சீற் கூரைக்குக் கீழே ஜூலையில் அதே 47-ஐ 36-க்கு மேல் வைத்தால் 83. குளிர்நாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் 20 பாகை அறையில் வைத்து 67 என்று எழுதியிருப்பார்கள். அவர்களில் பிழையில்லை, நான்தான் எண்ணை மட்டும் படித்தேன், அறையைப் படிக்கவில்லை.

83 வர வேண்டிய இடத்தில் 91 எப்படி வந்தது என்றால், தூசி. கூலரைக் கழற்றிப் பார்த்தேன். அலுமினியத் தகடுகளுக்கு இடையில் கம்பளி மாதிரி அடைத்திருந்தது. வெறும் தூசியென்றால் ஊதினால் பறக்கும். இது கடற்காற்றின் உப்புப் பிசுக்கோடு சேர்ந்து அப்பிக்கொண்ட தூசி. பெயின்ட் பிரஷ், பிறகு ஸ்பிரிட் தொட்ட துணி, பிறகு காற்று. டயர்க் கடைக் கொம்பிரசரில் ஊதலாம் என்று ஒருவர் சொன்னார். அதில் காற்றோடு தண்ணீரும் வரும், வேண்டாம். பேஸ்ட்டையும் புதிதாக வைத்ததும் 84.

ஆனால் நீலத்திரை நிற்கவில்லை. குறைந்தது, அவ்வளவுதான். 84 பாகை புரொசசரைச் சாகடிக்காது. ஆனால் ஜனவரியில் 74 பாகையில் 1.32 வோல்ட் மட்டுமட்டாகப் போதுமாக இருந்தது. சில்லு சூடானால் அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் வோல்ட் கேட்கும். கொடுத்தால் இன்னும் சூடாகும். 1.35 கொடுத்துப் பார்த்தேன், சூடு 89-க்குப் போனது, பின்னேரத்தில் மறுபடியும் ஒரு வேலையாள் நின்றது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை.

பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனைத் திருப்பி வைத்ததில் நான்கு பாகை இறங்கியது உண்மை. இரண்டாம் நாள் காலையில் கூலர் ஃபேனுக்குள் ஒரு பல்லிவால் கிடந்தது. வால் மட்டும். தகட்டை மூடினேன்.

பிறகு சரியான வழியில் போனேன், அதாவது ஜனவரியில் ஏறிய படிகளில் இறங்கினேன், ஆனால் இம்முறை சோதனையை இரவில் அல்ல, பகல் ஒரு மணிக்குத் தொடங்கி. 4.4-க்கு வெக்கையில் 1.30 தேவைப்பட்டது, 80 பாகை. 4.3-க்கு 1.24, 76 பாகை. 4.3-ஐப் பகல் முழுக்க ஓட விட்டேன். அறை 36-ஐத் தாண்டிய மூன்று மணிக்கும் ஒரு பிழையும் இல்லை. பிரைம்95 போதாது என்று, பழைய கலியாணம் ஒன்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆறு தரம் ஹேண்ட்பிரேக்கில் ஓட்டி, ஆறு கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே 10 நிமிடக் காட்சிக்கு 11 நிமிடம் 30 விநாடி. 4.5-ஐ விட 25 விநாடி கூட. அந்த 25 விநாடிக்காகத்தான் கேமராக்காரத் தம்பியோடு கொழுவியிருக்கிறேன்.

இதை எழுதுவது 2025 ஒக்டோபரில். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசொஃப்ட் தந்த வழக்கமான இலவச ஆதரவும் அந்த மாதம் 14-ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் புரொசசரை அதிகாரபூர்வமாக ஏற்காது. லினக்ஸுக்கு மாறுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை. பயோஸில் இரண்டு அமைப்பைச் சேமித்து வைத்திருக்கிறேன்: 1 என்றால் 4.3, 2 என்றால் 4.5. கச்சான் ஓய்ந்து வானம் மூடத் தொடங்கிவிட்டது, நேற்றிரவு அறையில் 29. இன்னும் இரண்டுக்கு மாற்றவில்லை. கேஸின் முன்பக்கம் ஒரு கடுதாசி ஒட்டியிருக்கிறேன், தம்பிக்காக: "எஃப்2 அமத்தாதே. அண்ணனைக் கூப்பிடு." அதற்குக் கீழே அவன் கையெழுத்தில், "அண்ணன் நித்திரை எண்டா?"